துணி வியாபாரியின் கபன்

உம்மம்மா தன் மௌத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உம்மா பேச்சை மாற்றிவிடுவார். நானும் எழுந்து போய்விடுவேன். அபூபக்ர் (ரழி) அவர்களின் வரலாற்றை வாசித்தபோதுதான் அது உறுத்தியது.

மக்காவில் துணி வியாபாரம் செய்தவர்கள், நபி (ஸல்) அவர்களின் தோழர், முதலாவது கலீஃபா. ஹிஜ்ரி 13இல் காய்ச்சலில் படுத்தார்கள். நபியவர்களை எத்தனை துணிகளில் கபனிட்டீர்கள் என்று மகள் ஆயிஷா (ரழி) அவர்களிடமே கேட்டார்கள். மூன்று என்றதும், தாம் உடுத்தியிருந்த, குங்குமப்பூக் கறை பட்ட துணியைக் கழுவி, இன்னும் இரண்டு சேர்க்கச் சொன்னார்கள். பழசாயிற்றே என்று மகள் தயங்கினார். உயிரோடிருப்பவருக்கே புதுத்துணி தேவை என்றார்கள். எந்த மகளால் இதை நின்று கேட்க முடியும்? ஆயிஷா நாயகி கேட்டார்கள். அவர்கள் வபாத்தானதும் மனைவி அஸ்மா (ரழி) குளிப்பாட்டினார்கள். நபியவர்களின் அருகிலேயே அடக்கம் நடந்தது.

நேற்றிரவு உம்மம்மாவின் கட்டிலில் இருந்து, அவரது கபனைப் பற்றி நானே கேட்டேன். அலுமாரிச் சாவியை எடுத்துத் தந்தார்.