காந்தாரி மிளகாயின் காரத்துக்கு எண் கொடுத்தவர்: யார் இந்த ஸ்கோவில்?

அவிச்ச மரச்சீனிக் கிழங்கு, தொட்டுக்க காந்தாரி மிளகாய்த் துவையல். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த ஜோடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குட்டி மிளகாய்தான், ஒரே கடியில் கண்ணீர் வந்துடும். எவ்வளவு காரம் என்று கேட்டால், இன்று ஸ்கோவில் அளவில் 50,000 முதல் 1 லட்சம் வரை என்கிறார்கள். அந்தப் பெயருக்குரியவர் சமையல்காரர் இல்லை, மருந்தாளுநர்.

வில்பர் ஸ்கோவில் 1865-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். பின்னாளில் டெட்ராய்டின் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்தில் வேலை. மிளகாயோடு மல்லுக்கட்டியது அங்கேதான். வலிக்குத் தடவும் மருந்துகளில் மிளகாய்ச் சாறு சேர்ப்பார்கள். காரம் கூடினால் தோல் எரியும், குறைந்தால் பலன் இருக்காது. காரமோ மிளகாய்க்கு மிளகாய் மாறும். அன்றைய வேதியியல் சோதனை எதிலும் அது சரியாகப் பிடிபடவில்லை.

1912-ல் அவர் சொன்ன வழி ரொம்ப சிம்பிள். மிளகாயை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பது. நாக்கில் லேசாக மட்டும் உறைக்கும்வரை அதில் சர்க்கரைத் தண்ணீர் கலந்துகொண்டே போவது. ஒரு பங்கு சாற்றுக்கு 50,000 பங்கு தண்ணீர் தேவைப்பட்டால், காரம் 50,000.

நாக்கு ஆளுக்கு ஆள் மாறுமே? நியாயமான கேள்விதான். நாக்கை நம்பி அளப்பதா என்று அன்றே சந்தேகப்பட்டார்கள். ஸ்கோவில் அசரவில்லை.

மருந்தியலுக்கான ரெமிங்டன் பதக்கத்தை 1929-ல் பெற்றார்; 1942-ல் இறந்தார். இப்போது கேப்சைசினை அளப்பது கருவிதான். ஆனால் கருவி தரும் கணக்கையும் ஸ்கோவில் எண்ணாக மாற்றித்தான் சாஸ் பாட்டிலில் அச்சடிக்கிறார்கள்.