சமாதானத்தின் பாப்பரசர் 15-ம் ஆசீர்வாதப்பர்

செபமாலை முடிந்து சொல்லும் மாதா பிரார்த்தனையில், சமாதானத்தின் இராக்கினி என்று தேவதாயை அழைக்கிறோம். 1917-ல் அந்த மன்றாட்டைத் திருச்சபை முழுமைக்கும் நிலையாக்கியவர் 15-ம் ஆசீர்வாதப்பர் என்னும் பெனடிக்ட் பாப்பரசர்.

ஜாக்கொமோ தெல்லா கியேசா என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1854-ல் இத்தாலியின் ஜெனோவா நகரருகே பிறந்தார். தந்தையின் விருப்பப்படி சட்டம் படித்துப் பட்டம் பெற்ற பிறகே குருமடம் சேர முடிந்தது. 1914 செப்டம்பர் 3-ல் பாப்பரசராகத் தெரிந்துகொள்ளப்பட்டபோது ஐரோப்பா பற்றி எரிந்துகொண்டிருந்தது. சிறிய உருவம், தைத்து வைத்திருந்த வெள்ளை அங்கிகளில் மிகச் சிறியதும் அவருக்குப் பெரிதாயிருந்ததாம்.

ஒரே நற்கருணையை உட்கொண்டவர்கள் எதிரெதிர் அணியில் நின்று ஒருவரையொருவர் கொன்ற யுத்தம் அது. கிறிஸ்து பிறப்பு நாளிலாவது பீரங்கிகள் ஓயட்டும் என்று அவ்வாண்டே கேட்டார், அரசுகள் இணங்கவில்லை. 1917 ஆகஸ்ட் 1-ல் போரிடும் நாடுகளின் தலைவர்களுக்குச் சமாதானக் கடிதம் அனுப்பினார். ஆயுதங்களைக் குறையுங்கள், வழக்கை நடுவர்முன் வையுங்கள், பிடித்த நாடுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். பலன்? பிரான்சில் அவரை ஜெர்மானியரின் ஆள் என்றார்கள். ஜெர்மனியில் பிரெஞ்சுக்காரரின் ஆள் என்றார்கள். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பிக்கு நடுவே நின்று பேசிப் பார்த்த எவருக்கும் இது புதிதல்ல. சமாதானம் செய்வோர் இறைவனின் மக்கள் எனப்படுவர் என்று மலைப்பொழிவில் கேட்கிறோம். மனிதர் அவர்களை எப்படி நடத்துவார்கள் என்பதை அடுத்த வசனங்கள் சொல்கின்றன.

அநீதியைப் பொதுவாகக் கண்டித்தாரே தவிர, பெல்ஜியத்தில் கொடுமை செய்தவர்களைப் பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லை என்று அந்நாட்டுக் கத்தோலிக்கர் மனம் புண்பட்டனர். அது வீண் மனத்தாங்கல் என்று நாம் சொல்லமாட்டோம்.

சொல் பலிக்காத இடத்திலும் கை ஓயவில்லை. காணாமற்போன போர்வீரர்களைத் தேடவும், நோயுற்ற கைதிகளை மீட்கவும் ஏற்பாடு செய்தார். கல்லறைத் திருநாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கிறோமே, அந்த அனுமதியை எல்லாக் குருக்களுக்கும் 1915-ல் தந்தவர் அவரே. யுத்தத்தில் மாண்டோரின் எண்ணிக்கை அவர் நெஞ்சை அழுத்தியது. 1919-ல் மத்திய ஐரோப்பாவில் பசியால் வாடிய குழந்தைகளுக்காக, மாசில்லாக் குழந்தைகள் திருநாளான டிசம்பர் 28-ல் உலகமெங்கும் கோவில்களில் காணிக்கை பிரிக்கச் சொன்னார்.

சமாதான மாநாட்டில் அவருக்கு இடமில்லை. 1915-ல் இத்தாலி செய்துகொண்ட இரகசிய ஒப்பந்தமே அதற்கு வழியை அடைத்திருந்தது.

1922 ஜனவரி 22-ல் இறைவனடி சேர்ந்தார். அவர் உயிரோடிருக்கும்போதே இஸ்தான்புல் நகரில் அவருக்குச் சிலை எழும்பியிருந்தது. பணம் கொடுத்தவர்களில் இஸ்லாமியரும் யூதரும் பிற சபைக் கிறிஸ்தவர்களும் உண்டு. அங்குள்ள தூய ஆவி பேராலய முற்றத்தில் அச்சிலை நிற்கிறது.