நடுக்குவாதமும் ஜேம்ஸ் பார்க்கின்சனும்

இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்தார். மருத்துவராகிய தந்தையாரிடமே தொழில் பயின்று, பிறந்தவிடத்திலேயே வைத்தியம் புரிந்து வாழ்ந்தார். எளியார்பொருட்டு அரசியற் சீர்திருத்தம் வேண்டிப் புனைபெயரில் நூல்கள் வெளியிட்டார். மன்னரைக் கொல்லச் சூழ்ந்ததாகச் சிலர்மீது எழுந்த வழக்கில், 1794-இல் பிரிவி கௌன்சில் முன்னர் விசாரிக்கப்பெற்றார். கல்லாய்ச் சமைந்த பண்டை உயிர்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். இவற்றை ஈண்டு விரிக்க இடமில்லை.

1817-இல், தமது அறுபத்திரண்டாம் வயதளவில், நடுக்குவாதம் பற்றிய சிறு நூலை வெளியிட்டார். அதற்கு ஆதாரமாயினோர் அறுவரே. அவருள்ளும் சிலர் தெருவிற் கண்டவர். ஒருவரைத் தொலைவிலிருந்து நோக்கியதன்றி அணுகியதுமில்லை. இத்துணைச் சிறு சான்றோவென நம் மாணவர் நகைத்தல் கூடும். ஆயினும், ஓய்ந்திருக்கும் கை நடுங்குதலும், உடல் முன்சாய்தலும், நடை தன்வயமின்றி ஓட்டமாய் மாறுதலும் இன்றும் அந்நோயின் குறிகளே.

காரணமோ எளிதிற் கிட்டவில்லை. நோயுற்ற தோட்டக்காரரொருவர், கைக்குப் பல நாள் கடும் வேலை கொடுத்ததே ஏதுவென்றார். மாலுமியாயிருந்த மற்றொருவர், ஸ்பானியச் சிறையில் ஈரத்தரையிற் பல மாதங் கிடந்ததைக் கூறினார். துன்புறுவார்க்கு ஏதேனுமொரு காரணம் வேண்டியிருக்கிறது! பார்க்கின்சனோ கழுத்தினுள்ள தண்டுவடத்திலும் அதனையடுத்த முகுளத்திலும் நோயின் இருப்பிடம் உளதாகலாமென ஊகித்தார். பிணத்தை அறுத்துப் பாராது கூறும் ஊகமே அஃதென்பதை மறைத்தாரில்லை. உடற்கூற்று வல்லார் ஆராய்தல் வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்.

அவ்வூகம் பிழையே. 1919-இல் பாரிஸ் நகரில் திரெத்தியாக்கோவ் என்பார், மூளையின் நடுப்பகுதியிலுள்ள கருநிறத் திட்டு இந்நோயில் அழிதலைக் காட்டினார். அவ்விடத்து அணுக்கள் சுரக்கும் டோப்பமின் என்னும் பொருள் குறைதலே நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் ஏதுவெனப் பின்னர் விளங்கியது. அவ்வணுக்கள் அழிவதேன்? 1983-இல், கலப்படமான போதை மருந்தைச் செலுத்திக்கொண்ட கலிபோர்னிய இளைஞர் சிலர் சின்னாளில் இந்நோய்க் குறிகளோடு அசைவற்றுப் போனமை வெளியாயிற்று. நஞ்சும் ஏதுவாகலாமென்பதை உலகம் அறிந்தது. சில பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளின்மீதும் ஐயம் எழுந்துள்ளது. சில குடும்பங்களிற் பரம்பரைக் குறையே காரணமென 1997-இல் தெளிவாயிற்று. எனினும் பெரும்பாலார்க்குத் தனியொரு காரணம் இன்றும் புலப்பட்டிலது.

1824 டிசம்பர் 21-ஆம் நாள் அவர் மறைந்தார். நோய்க்கு அவர் பெயரையிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ. அது பல்லாண்டுகட்குப் பின்னரே. அவருடையதென்று துணியத்தக்க உருவப்படம் எதுவும் கிட்டவில்லை. அவர் பெயரால் உலவும் புகைப்படங்கள், அப்பெயர் பூண்ட வேறொருவருடையன.