சலுகை கேட்காத நீதியரசி

தோள்சீலை அணிய உரிமை கேட்டு நம் பாட்டிமார் அடியும் உதையும் பட்ட மண் இந்தக் குமரி மண். திருவிதாங்கூர் மன்னர் அந்தத் தடையைத் தளர்த்தியது 1859-ம் ஆண்டில். அதற்கு 78 ஆண்டுகள் கழித்து, 1937-ம் ஆண்டில், அதே திருவிதாங்கூரில் ஒரு பெண் முன்சீப்பாக நீதிமன்ற ஆசனம் ஏறினார். அவர்தான் அன்னா சாண்டி அம்மையார். இந்தியாவின் முதல் பெண் நீதிபதி!

பட்டுக் கம்பளம் விரித்தா வரவேற்றார்கள்? இல்லை, தோழர்களே!

1905-ம் ஆண்டில் பிறந்தவர், சட்டம் படித்தார். 1929-ம் ஆண்டில் வழக்கறிஞரானார். குற்ற வழக்குகளை நடத்தினார். "ஸ்ரீமதி" என்ற மலையாள ஏட்டையும் நடத்தினார். பெண் உத்தியோகம் பார்த்தால் குடும்பம் குலையும் என்று பெரிய மனிதர்கள் பேசினர். அடுப்படிக்குத்தான் பெண் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்ற பொருளில் அம்மையார் பதிலடி கொடுத்தார். 1931-ம் ஆண்டில் ஸ்ரீமூலம் சபைக்குப் போட்டியிட்டபோது, வாதத்தில் வெல்ல முடியாதவர்கள் வசைமாரி பொழிந்தனர். அவரோ வீட்டுக்குள் முடங்கவில்லை; 1932 முதல் 1934 வரை அதே சபையில் உறுப்பினராக வீற்றிருந்தார்.

அம்மையாரின் நெஞ்சுரத்தை அறிய ஒன்றைச் சொல்கிறோம். பெண்ணைத் தூக்கிலிடுவதில்லை என்ற விலக்கு அன்று திருவிதாங்கூர்ச் சட்டத்தில் இருந்தது. எந்தப் பெண் அதை வேண்டாம் என்பாள்? அம்மையார் வேண்டாம் என்றார்! தண்டனையில் இரக்கம் காட்டிவிட்டு உரிமையில் பட்டை நாமம் போடுவது நீதியல்ல என்பது அவர் கொள்கை. பெண்ணின் உடல் மீது உரிமை பெண்ணுக்கே என்றும் 1930-களிலேயே வாதாடினார்.

1948-ம் ஆண்டில் மாவட்ட நீதிபதி. 1959-ம் ஆண்டில் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. நம்மை ஆண்ட இங்கிலாந்து, தன் உயர்நீதிமன்றத்தில் ஒரு பெண்ணை அமர்த்தியது 1965-ம் ஆண்டில்தான்! 1967-ல் ஓய்வு பெற்ற அம்மையார் 1996-ல் மறைந்தார். டெல்லி உச்சநீதிமன்றமோ, தோன்றி 39 ஆண்டுகள் கழித்து, 1989-ல்தான் பாத்திமா பீவி அம்மையாருக்குக் கதவு திறந்தது. பின்னாளில் தமிழகத்தின் ஆளுநராக வந்தாரே, அவரேதான்.

கோட்டாற்றில் மூட்டை சுமக்கும் தோழரே, தோவாளையில் பூக்கட்டும் தோழரே! மேடையில் பெண்ணுரிமை பேசுகிறோம். வீட்டில் மகள் சட்டம் படிக்க வேண்டும் என்றால் கல்யாணச் செலவைக் கணக்குப் போடுகிறோம். கூலி உயர்வை முதலாளியின் தயவாகவா கேட்கிறோம்? உரிமையாகத்தானே கேட்கிறோம்! மகளுக்கு மட்டும் அது தயவாகிவிடுமா?

படிப்பகத்தில் அன்னா சாண்டியின் வரலாற்றைப் பேசுங்கள். பேசும் நாளில் மனைவியையும் மகளையும் அழைத்து வாருங்கள். பின்வரிசையில் அல்ல, முன்வரிசையில் அமரச் சொல்லுங்கள்!