வேட்டைக்காரர் டேனியல் பூன்

துப்பாக்கியும் கத்தியும் கோடரியுமே துணையாகக் கொண்டு, காட்டில் தனித்துத் தங்கி வேட்டையாடித் திரிந்த மனிதர் எத்தேசத்திலும் உண்டு. ஆயினும் அவ்வாழ்க்கை ஒன்றினாலேயே தம் தேசத்துச் சரித்திரத்தில் இடம் பெற்றவர் மிகச் சிலர். வட அமெரிக்காவில் கெண்டக்கி என்னும் ராஜ்யம் ஏற்படக் காரணமாயிருந்த டேனியல் பூன் அச்சிலருள் ஒருவர். சினிமாப் படங்களில் அவரை ரக்கூன் தோலால் ஆன குல்லாய் அணிந்தவராகக் காட்டுவது வழக்கம். அவரோ அதை விரும்பாமல், அகன்ற விளிம்புள்ள சாதாரணத் தொப்பியையே அணிந்தார். இச்சிறு பிழை போகட்டும். அவர் நுழைந்த காடு உரியவர் எவருமற்ற காடு என்று சொல்லப்படுவதுதான் பெரும் பிழை. அதனை மனத்தில் வைத்து அவருடைய சரிதத்தை நமது வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

பூன் 1734-ஆம் வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி பென்ஸில்வேனியாவில் குவேக்கர் சமயக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை இங்கிலாந்தின் டெவன் பிரதேசத்திலிருந்து குடியேறியவர். நெசவும் கொல்லு வேலையும் செய்தவர். பதினொரு குழந்தைகளுள் டேனியல் ஆறாமவர். கோடை மாதங்களில் தாயுடன் சென்று மாடு மேய்ப்பது சிறுவனின் வேலை. மாடுகள் மேய்ந்துகொண்டிருக்க, பையன் காட்டினுள் மறைந்துவிடுவான். இளமரமொன்றை வேரோடு பிடுங்கி, வேர்முண்டைத் தலையாக விட்டுச் செதுக்கிய தடியே அவனது முதல் ஆயுதம். அத்தடியை எறிந்து பறவைகளையும் சிறு பிராணிகளையும் வீழ்த்தக் கற்றான். எறிதடிக்குத் தூரம் இல்லை. ஆகவே சருகு ஓசைப்படாமல் அருகே செல்லுதல், காற்றின் திசை அறிதல், அசையாது நின்று காத்திருத்தல் ஆகியவற்றைப் பழகியே தீரவேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தந்தை ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்தபோது, வேட்டையில் கடினமான பாகத்தை அவன் முன்னரே கற்று முடித்திருந்தான்.

பள்ளிப்படிப்பு சொற்பமே. அவருடைய கடிதங்களில் எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கும். எனினும் அவரைப் படிப்பற்றவர் என்று எண்ணிவிடலாகாது. கெண்டக்கிக் காட்டில் முகாமிட்டிருந்த காலத்தில் ஸ்விஃப்ட் எழுதிய கல்லிவரின் யாத்திரை என்னும் நூலை அவர் தம்முடன் வைத்திருந்தார். அதிலுள்ள நகரமொன்றின் பெயரை அவருடைய தோழர்கள் ஓர் ஓடைக்கு இட்டனர்; லல்பிகிரட் என்னும் அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

1750-ல் குடும்பம் தெற்கே புறப்பட்டு, வட கரோலினாவில் யாட்கின் நதிக்கரையில் குடியேறிற்று. 1756-ல் பூன் ரெபெக்கா பிரயன் என்னும் பெண்ணை மணந்தார். பிறந்த குழந்தைகள் பத்து. பயிர்த்தொழிலில் அவருக்கு மனம் செல்லவில்லை. இலையுதிர் காலத்தில் புறப்பட்டு வசந்த காலத்தில் திரும்பும் நெடுவேட்டையே அவரது ஜீவனோபாயம். மான்தோலுக்கும், குளிர்காலத்தில் பீவர், நீர்நாய் ஆகியவற்றின் மென்மயிர்த் தோலுக்கும் கிராக்கி உண்டு. இவ்வேட்டைகளின் பாரம் யார்மேல் விழுந்தது என்பதைப் புகழ் பாடுவோர் மறந்துவிடுகின்றனர். மாதக்கணக்கிலும், சில சமயம் வருஷக்கணக்கிலும், நிலத்தையும் குழந்தைகளையும் ரெபெக்கா அம்மையாரே பார்த்துக்கொண்டார்.

1769-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி பூன் ஐந்து தோழர்களுடன் கம்பர்லாந்துக் கணவாய் வழியாகக் கெண்டக்கிக்குப் புறப்பட்டார். டிசம்பர் மாதத்தில் ஷானி என்னும் பூர்வகுடியினர் அவரையும் ஜான் ஸ்டூவர்ட் என்பவரையும் பிடித்தனர். சேர்த்துவைத்த தோல்களையும் குதிரைகளையும் கைப்பற்றி, இனி இப்பக்கம் வராதே என்று எச்சரித்து விட்டுவிட்டனர். இதனைக் கொள்ளை என்று எழுதுவோர் உளர். எங்ஙனம் கொள்ளையாகும்? அது ஷானி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய நிலம். மலைக்கு அப்பால் குடியேறலாகாது என்று 1763-ல் பிரிட்டிஷ் அரசரே பிரகடனம் செய்திருந்தார். 1768-ல் இரோக்வாய் மக்கள் ஒஹையோ நதிக்குத் தெற்கிலுள்ள நிலத்தை ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அங்கே வேட்டையாடி வந்த ஷானியரை எவரும் கேட்கவில்லை. தனக்கில்லாத பாத்தியதையை ஒருவன் பிறனுக்கு மாற்ற இயலாது என்பது நியாயசாஸ்திரத்தின் பாலபாடம். தம் காட்டில் திருட்டு வேட்டையாடியவனைப் பிடித்து, பொருளைப் பறிமுதல் செய்து, உயிருடன் அனுப்பிய ஷானியரின் நடத்தையில் நாம் நிதானத்தையே காண்கிறோம்.

பூன் எச்சரிக்கையைக் கேட்கவில்லை. அவருடைய தம்பி ஸ்குவையர் மற்றொருவருடன் வந்து சேர்ந்தார். சில வாரங்களில் ஸ்டூவர்ட் காட்டுக்குள் சென்றவர் திரும்பவேயில்லை. ஐந்து வருஷங்களுக்குப் பின் பொந்துமரமொன்றினுள் ஓர் எலும்புக்கூடும், அவருடைய மருந்துக் கொம்பும் கண்டெடுக்கப்பட்டன. ஸ்குவையருடன் வந்தவரும் ஊர் திரும்பிவிட்டார். வெடிமருந்து தீரும் தறுவாயில் இருந்ததால், 1770-ஆம் வருஷம் மே முதல் தேதி ஸ்குவையர் தோல்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார். ஜூலை 27-ஆம் தேதி அவர் திரும்பும் வரையில், ஏறத்தாழ மூன்று மாத காலம், பூன் அப்பெருங்காட்டில் தன்னந்தனியாக இருந்தார். ரொட்டியில்லை, உப்பில்லை, சர்க்கரையில்லை, குதிரையில்லை, நாயுமில்லை.

அவர் எவ்வாறு காலங்கழித்தார்? அக்காலத்து வேட்டைக்காரரின் முகாம் எளிதானது. இரண்டு கவைக்கொம்புகளை நட்டு, குறுக்கே ஒரு கழி வைத்து, பின்புறம் தரைவரையில் சாய்வாகக் கழிகளை அடுக்கி, மரப்பட்டையோ தழையோ வேய்ந்துவிட்டால் வீடு ஆயிற்று. முன்புறம் திறந்திருக்கும், அதற்கெதிரே தீ. கரடிக்கும் ஓநாய்க்கும் எட்டாதபடி தோல்களை உயரமான பரண்மேல் வைப்பார்கள். ஆனால் தனித்திருப்பவனுக்கு இம்முகாமே சத்துரு. புகை அவனைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே பூன் படுக்குமிடத்தை அடிக்கடி மாற்றினார். சில இரவுகளில் அடர்ந்த நாணற்காட்டினுள் புகுந்து உறங்கினார். வெடிச்சத்தமும் காட்டிக்கொடுக்கும், மருந்தும் குண்டும் எண்ணி வைக்கப்பட்டவை. பென்ஸில்வேனியாவிலிருந்த ஜெர்மானியக் கம்மியர் செய்த நீண்ட ரைபிள் சிறிய குண்டையே தாங்கும். சிறிதளவு மருந்தே போதும். சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிப்பதாகையால், மருந்து நனைந்தால் அன்றைக்குப் பட்டினிதான். மானோ வான்கோழியோ அகப்பட்டதை அவர் உப்பின்றியே உண்டார். ஒஹையோ நதிக்கரை வரையில் நடந்து சென்று அந்நாட்டின் ஆறுகளையும் ஓடைகளையும் உப்பூற்றுகளையும் மனத்தில் பதித்துக்கொண்டார். காட்டில் விசித்திரமான ஓசை கேட்டு வேறு வேட்டைக்காரர் சிலர் பதுங்கிச் சென்று பார்த்ததாகவும், அங்கே பூன் மான்தோல்மேல் மல்லாந்து படுத்து உரக்கப் பாடிக்கொண்டிருந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. அவ்வளவு எச்சரிக்கையான மனிதர் அவ்வாறு செய்திருப்பாரா என்று கேட்கலாம். பல வாரம் பேச்சுத்துணையின்றி இருந்தவர் செய்யக்கூடியதே என்பது நமது அபிப்பிராயம்.

1771-ல் சகோதரர் இருவரும் ஊர் திரும்புகையில் பூர்வகுடியினர் மீண்டும் தோல்களைக் கைப்பற்றினர். இரண்டு வருஷ உழைப்புக்குப் பின் பூன் வெறுங்கையுடன் வீடு சேர்ந்தார்.

இதன் பின்னர் நிகழ்ந்தவை சரித்திரப் புத்தகங்களில் விரிவாக உள்ளன. 1773-ல் குடியேற முயன்றபோது மூத்த மகன் ஜேம்ஸ் கொல்லப்பட்டான். 1775-ல் ஒரு கம்பெனிக்காகக் காட்டுப்பாதை வெட்டி, பூன்ஸ்பரோ என்ற கோட்டையை அமைத்தார். 1778-ல் ஷானியர் அவரைச் சிறைபிடித்தனர். அவர்களுடைய தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைக் கொல்லாமல், மகனாகவே ஸ்வீகரித்து, பெரிய ஆமை என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். சில மாதங்களில் அவர் தப்பியோடி, தம் கோட்டையைக் காக்கச் சென்றார். 1782-ல் மற்றொரு மகன் இஸ்ரேல் போரில் மாண்டான். 1784-ல் ஜான் ஃபில்ஸன் வெளியிட்ட நூலால் பூனின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவிற்று. நிற்க, அவருடைய குறையொன்றையும் மறைக்கலாகாது. 1787-ஆம் வருஷத்து வரிக் கணக்கில் அவருக்கு ஏழு அடிமைகள் இருந்ததாகக் காண்கிறது. காட்டின் சுதந்திரத்தை அவ்வளவு விரும்பிய மனிதர் ஏழு மனிதரின் சுதந்திரத்தை விலைக்கு வாங்கியிருந்தார்.

காடு குறைந்து, வேட்டை குறைந்து, நிலம் விலைபெறத் தொடங்கியது. பூனும் நிலத்தில் இறங்கினார். பிறருக்காக அளந்தார், தமக்காகவும் பதிவு செய்தார். கெண்டக்கியில் சர்க்கார் அளவை கிடையாது. ஒவ்வொருவனும் மரத்தையும் ஓடையையும் எல்லையாகச் சொல்லித் தன் நிலத்தைத் தானே அளந்துகொள்வான். ஒரே நிலத்தின்மேல் மூன்று நான்கு பேரின் உரிமை ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். வக்கீல்களுக்கு அது பொற்காலம். பூனுடைய பத்திரங்களில் குறைகள் மலிந்திருந்தன; வழக்குகள் தோற்றன; கடன்கள் மிஞ்சின. 1798-ல் அவருடைய பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் வரிபாக்கிக்காக விற்கப்பட்டது. அதே வருஷத்தில் கெண்டக்கி ராஜ்யம் ஒரு ஜில்லாவுக்கு அவர் பெயரைச் சூட்டிற்று. அதே வருஷத்தில், சாட்சி சொல்ல வராத குற்றத்துக்காக அவர்மேல் வாரண்டும் பிறந்தது.

மறுவருஷம் அவர் ஸ்பெயின் அரசருக்குட்பட்ட மிஸௌரி பிரதேசத்துக்குச் சென்றார். அங்கே நிலமும், ஒரு வட்டாரத்தின் நியாயாதிபதி பதவியும் கிடைத்தன. மரத்தடியில் அமர்ந்து, சட்டப் புத்தகமின்றி, பார்த்தது கேட்டதைக் கொண்டு தீர்ப்பளித்தார். 1803-ல் அப்பிரதேசம் அமெரிக்கருக்கு விற்கப்பட்டது. பத்திரம் பூர்த்தியாகவில்லை என்று 1809-ல் அந்நிலமும் போயிற்று. 1814-ல் காங்கிரஸ் மகாசபை திருப்பிக் கொடுத்ததை, பெரும்பாலும் விற்றுக் கெண்டக்கிக் கடன்களைத் தீர்த்தார்.

தம் நிலத்தை இழந்த ஷானியரிற் சிலரும் அதற்குள் மிஸௌரிக்கு வந்திருந்தனர். ஒரு காலத்தில் தம்மைச் சிறைவைத்திருந்த ஷானியரைப் பூன் அங்கே சந்தித்து, அவர்களுடன் வேட்டைக்குச் சென்றதாக அவர் குடும்பத்தார் சொல்லி வந்தனர். 1820-ஆம் வருஷம் செப்டம்பர் 26-ஆம் தேதி, தமது எண்பத்தைந்தாம் வயதில், மகன் நேதனின் இல்லத்தில் பூன் காலமானார். ரெபெக்கா அம்மையாரின் அருகே அவரை அடக்கம் செய்தனர். 1845-ல் கெண்டக்கியார் வந்து இருவர் எலும்புகளையும் தோண்டியெடுத்துத் தம் தலைநகரில் புதைத்தனர். அவர்கள் கொண்டுபோனது வேறொருவர் எலும்புகள் என்று மிஸௌரியில் இன்னும் சாதிப்போர் உண்டு.