பச்சை கையில் இருந்தது, ஊதாவைக் காணோம்: 14 வருஷம் தேடிய ஆல்ஃபிரட் வெர்னர்

2025 வேதியியல் நோபல் பரிசு மோஃப் எனும் உலோக-கரிமக் கட்டமைப்புகளுக்குப் போனது ஞாபகம் இருக்கலாம். உலோக அணுக்கள் மூட்டுகள், கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் கம்பிகள், நடுவில் எக்கச்சக்கமான காலி இடம். இவ்வளவுதான் மோஃப். இந்த மூட்டு எப்படிப் பிடிக்கிறது என்று 1893-லேயே சொன்னவர் ஆல்ஃபிரட் வெர்னர். பிளஸ் டூ வேதியியலில் அணைவுச் சேர்மம் பாடத்தைப் பார்த்து மிரண்டவர்களுக்குப் பழகிய பெயர்தான்.

1866-ல் பிரான்ஸின் மியூலூஸ் நகரில் பிறந்தார். சில வருஷத்தில் போர் முடிந்து, ஊர் ஜெர்மனி கைக்குப் போய்விட்டது. படிப்பு, வேலை எல்லாம் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில்.

அன்றைய குழப்பம் இதுதான். கோபால்ட் குளோரைடு முழுமையான சேர்மம், அம்மோனியாவும் அப்படியே. பிறகு இரண்டும் ஏன் ஒட்டிக்கொள்கின்றன? டென்மார்க்கின் யோர்கென்சன், அம்மோனியா சங்கிலி போலக் கோத்துக்கொள்கிறது என்று நம்பினார். ஒருநாள் அதிகாலை 2 மணிக்கு விழித்த வெர்னருக்கு விடை தோன்றியதாகவும், மாலை வரை உட்கார்ந்து எழுதி முடித்ததாகவும் சொல்வார்கள். அப்போது அவருக்கு வயது 26.

விடை சிம்பிள். உலோகத்தைச் சுற்றி ஆறு இடங்கள், எண்முகி வடிவில். உள்ளே பிடிபட்ட குளோரின் லேசில் வெளியே வராது. ஆறு அம்மோனியா உள்ள சேர்மத்தில் சில்வர் நைட்ரேட் ஊற்றினால் மூன்று குளோரினும் வீழ்படிவாகும். ஐந்து இருந்தால் இரண்டு, நான்கு இருந்தால் ஒன்றுதான்.

சிக்கல் எங்கே? இந்தச் சேர்மங்கள் பலவற்றைத் தயாரித்தவர் யோர்கென்சன். அவருடைய தரவை வைத்தே அவர் கொள்கையை உடைக்கப் பார்த்தார் வெர்னர். சொந்தப் பரிசோதனை எங்கே என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். எண்முகி என்றால் நான்கு அம்மோனியா சேர்மம் இரண்டு விதமாக இருக்க வேண்டும். பச்சை கையில் இருந்தது, இன்னொன்று இல்லை. 1907-ல்தான் அந்த ஊதா நிறச் சேர்மத்தை வெர்னர் தயாரித்தார். யோர்கென்சன் கௌரவம் பார்க்காமல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

நிறத்தை வைத்து வடிவத்தைப் பிடித்தவருக்கு, நிறம் ஏன் வருகிறது என்பது தெரியாது. எலக்ட்ரானே 1897-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பச்சை, ஊதா வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் கோபால்ட்டின் சொந்த எலக்ட்ரான்களே காரணம். மோஃப்களில் வேறொரு வழியும் உண்டு. மில்-125 எனும் டைட்டானியம் மோஃப் வெள்ளை. புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும். அதன் கரிமக் கம்பியில் அமினோ தொகுதியைச் சேர்த்தால் மஞ்சளாகி, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உறிஞ்சும். ஒளி பட்டதும் கம்பியிலிருந்து ஓர் எலக்ட்ரான் டைட்டானியத்துக்குத் தாவுகிறது. அதைத் துளைக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடுக்குக் கைமாற்றி எரிபொருள் தயாரிக்க முயல்கிறார்கள். ஆனால் பல நேரம் கைமாறும் முன்பே எலக்ட்ரான் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. பெரிய தலைவலியே அதுதான்.

வெர்னருக்கு 1913-ல் நோபல் கிடைத்தது. அப்போதும் சந்தேகம் ஓயவில்லை. 1911-ல் அவர் காட்டிய கண்ணாடி பிம்பச் சேர்மங்களில் கார்பன் இருந்ததால், அதுதான் காரணம் என்றார்கள். 1914-ல் கார்பனே இல்லாத ஒன்றில் அதைச் செய்து காட்டினார். அதன்பின் ரத்தக்குழாய் நோய் முற்றியது. 1919 நவம்பர் 15-ல் சூரிச்சில் இறந்தபோது வயது 52.