ஒளியை உசாவிய இராமன்

மலைநாட்டு ஓடைக் கற்களின் வழுக்கலை அறியாதார் நம்மில் யாருமிலர். லிந்துலைத் தோட்டங்களிலே பீலியடியில் நீர் பிடிப்போர் ஒருமுறையேனும் அக்கல்லிற் கால் சறுக்கியிருப்பர். அவ்வழுக்கல் வெறுஞ் சேறன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணங்கிகள் ஒன்றுகூடித் தம்மைச் சுற்றிப் பசை சுரந்து எழுப்பிக்கொண்ட கோட்டை அது. நோயாளருடலிற் செலுத்திய குழாய்களிலும் செயற்கை மூட்டுகளிலும் இக்கோட்டை எழுமாயின், மருந்துகள் அதனை எளிதில் ஊடுருவமாட்டா. உள்ளிருக்கும் பகைவர் யாரென ஒளியைக்கொண்டு உசாவும் வழிக்கு வித்திட்டவர் ஒரு தமிழர். அவரே சேர் சந்திரசேகர வேங்கட இராமன்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிலே, சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மைந்தராகப் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1907இல் பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்ல அவாவிய அவரைச் சோதித்த வைத்தியர், அந்நாட்டுத் தட்பவெப்பத்தை அம்மெலிந்த உடல் தாங்காதென்று தடுத்துவிட்டார். இராமன் அவ்வாண்டே நிதித்துறை அலுவலராகிக் கல்கத்தா சென்றார்.

பகலெல்லாம் கணக்கேடு, காலையும் மாலையும் பௌபசார் வீதியிலிருந்த விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி. இங்ஙனம் பத்தாண்டு கழிந்தது. 1917இல் மிகுந்த ஊதியந் தந்த அரசாங்கப் பதவியை உதறிவிட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் ஐரோப்பியக் கடற்பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் நெஞ்சைக் கவர்ந்தது. அந்நீலம் வானத்தின் வெறும் நிழலன்று, நீரே ஒளியைச் சிதறச் செய்வதால் விளைவதென்று கண்டார். அத்தேடலின் முடிவே 1928 பெப்ருவரி 28இல் வெளிப்பட்ட இராமன் விளைவு. ஒரு பொருளின்மீது ஒருநிற ஒளி படும்போது, சிதறும் ஒளியின் மிகச் சிறு கூறு நிறம் மாறி வருகின்றது. அம்மாற்றம் பொருளின் மூலக்கூறுகளுடைய அதிர்வைப் பொறுத்தது. ஆகவே, மாந்தர்க்குக் கைரேகைபோலப் பொருள்களுக்கு அந்நிறமாலை அடையாளமாகின்றது.

1930இல் நோபெல் பரிசு இராமனை நாடி வந்தது. ஆய்வில் அவருக்குத் தோள்கொடுத்துழைத்த கே. எஸ். கிருஷ்ணனுக்கு அதிற் பங்கில்லாமற் போனது கற்றோர் நெஞ்சை இன்றும் உறுத்துவதே. 1933இல் பெங்களூர் சென்ற இராமன், 1948இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1954இல் பாரத ரத்தினமானார். 1970 நவம்பர் 21இல் உலகவாழ்வை நீத்தார்.

அவர் கண்ட ஒளியோ மிக மெலியது. கோடி ஒளித்துகள்களில் ஒன்றேனும் நிறம் மாறுதல் அரிது. 1960இல் தோன்றிய லேசர் ஒளியும், பின்னர் வந்த வெள்ளி, பொன் நுண்துகள்களின் துணையும் அம்மெலிவைப் போக்கின. நுண்ணங்கிகளை வளர்த்து இனங்காண ஒருநாளோ பலநாளோ செல்லும். இம்முறை அக்காலத்தைப் பெரிதுங் குறைக்கவல்லது. ஈரமும் இதற்குப் பெருந்தடையன்று. ஆதலின், பசைக்கோட்டையையும் உள்ளுறையும் கிருமியையும் ஒருங்கே ஆராய இயலுகின்றது. எனினும், இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூடங்களிலேயே வளர்ந்து வருகின்றது. எல்லா வைத்தியசாலைகளையும் எட்டவில்லை. மலைநாட்டு நோயாளியின் கட்டிலருகே அது வந்து சேரும் நாளே அதன் பயன் முழுமையுறும் நாள்.

உடல் வலியற்றதென ஒரு வைத்தியர் ஒதுக்கிய இளைஞர், வைத்திய உலகுக்கே புதுக்கண் ஒன்றை ஈந்து சென்றார். பீலியடியில் இனிக் கால் சறுக்கும்போது, நம் மாணவர் கல்லை நொந்துகொள்ளாது, அவ்வழுக்கல் யாதென்று குனிந்து நோக்குவாராக. கடலின் நீலத்தை நோக்கி இராமன் செய்ததும் அதுவேயன்றோ!